ஏற்காட்டுல ப்ளூபானெட் வளர்க்கணுமா, முதல்ல தண்ணியக் குறைங்க

லூபின்னு பயறு குடும்பத்துல ஒரு பூச்செடிக் கூட்டம் இருக்கு, அதுல காட்டு வகைங்கள்ல ஏற்காட்டு மலைக்கு எது ஒத்து வரும்னு யார் கேட்டாலும் நான் சொல்றது டெக்சஸ் ப்ளூபானெட் தான். தாவரவியல் பேரு லூபினஸ் டெக்ஸென்சிஸ். ஒரு அடி, மிஞ்சிப்போனா ஒன்றரை அடி தான் வளரும். அஞ்சு சிற்றிலை சேர்ந்து விரிச்ச உள்ளங்கை மாதிரி ஒரு இலை, அடிப்பக்கம் மெல்லிசா ரோமம், காலையில பனி பெஞ்சா அந்த இலை நடுவுல ஒரே ஒரு சொட்டு தண்ணி உருண்டையா நிக்கும், அதைப் பாக்கறதுக்கே ஒரு பாத்தி போடலாம். பூ நல்ல நீலம், கொத்தோட உச்சி மட்டும் வெள்ளை. நம்ம பக்கம் வீட்டுத் தோட்டத்துல சிவப்பு இருக்கும், மஞ்சள் இருக்கும், ரோஸ் கேக்கவே வேணாம், உண்மையான நீலம் தான் கிடைக்காது, அதனாலயே இதுமேல எனக்கு அவ்ளோ ஆசை.

இந்தச் செடி நம்மகிட்ட வந்து சாகறதுன்னா பெரும்பாலும் பாசத்துல தான் சாகும். ரெண்டு வேளை தண்ணி, தொழு எரு, மண்புழு உரம், பஞ்சகவ்யான்னு ரோஜாவுக்கு செய்யற எல்லாத்தையும் இதுக்கும் செஞ்சிடறாங்க. இது வறண்ட சரிவுல, கல்லும் சுண்ணாம்பும் கலந்த சத்துக் கம்மியான மண்ணுல தானா முளைச்சுப் பழகுன செடி. அந்த வாழ்க்கைய எவ்ளோ கிட்டக்க கொண்டு வந்து குடுக்கறோமோ அவ்ளோ நல்லா வரும், கீழ சொல்றது எல்லாமே அதுக்காகத்தான்.

ஏன் இந்த வகைன்னு முதல்ல சொல்லிடறேன். காட்டு லூபின்னு தேடுனா நிறைய பேர் போய் நிக்கறது லூபினஸ் பெரென்னிஸ்ல. அது வட அமெரிக்காவோட கிழக்குப் பக்கம், மணல் பாங்கான ஓக் காட்டு வெளியிலயும் பைன் காட்டு ஓரத்துலயும் வளர்றது. கார்னர் ப்ளூன்னு ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி இருக்கு, அதோட புழு இந்த ஒரு செடியோட இலைய மட்டும் தான் தின்னும், செடி அழிஞ்ச இடத்துல எல்லாம் பூச்சியும் போயிடுச்சு, 1992ல அமெரிக்க அரசு அதை அழியும் நிலைல இருக்கற உயிர்னு பட்டியல்ல சேத்துச்சு. கேக்கவே மனசு இழுக்கும், எனக்கும் இழுக்குது. ஆனா அந்தச் செடி பனி உறையற குளிர்காலத்துல மேல எல்லாம் காஞ்சு, வேர் மட்டும் தூங்கி, அப்பறம் எந்திரிச்சு வர்ற பல வருசச் செடி. பூக்கவே ரெண்டாவது மூணாவது வருசம் ஆகும். நம்ம ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மார்கழி தை ராத்திரியில பத்து பன்னெண்டு டிகிரி பக்கம் இறங்குமே தவிர அந்த மாதிரி உறைபனி இங்க கிடையாது. விதைய ஃப்ரிட்ஜ்ல வச்சு முளைக்க வைக்கலாம், ஆனா வருசா வருசம் செடியத் தூக்கி ஃப்ரிட்ஜ்ல வைக்க முடியாதுங்க. கலர் கலரா வர்ற ரஸ்ஸல் லூபினும் கிட்டத்தட்ட இதே கதை தான்.

ப்ளூபானெட் ஒரு வருசச் செடி. அதுவும் குளிர்கால ஒரு வருசச் செடி, அது தான் நமக்கு வசதி. டெக்சஸ்ல வெயில் காலம் முழுக்க விதையா மண்ணுக்குள்ள கிடக்கும், செப்டம்பர் அக்டோபர் மழைக்கு முளைக்கும், குளிர் முழுக்க தரையோட தரையா ஒட்டிக்கிட்டு வேர் விடும், மார்ச் ஏப்ரல்ல பூக்கும், வெயில் ஏறுனா விதைய வெடிச்சுப் போட்டுட்டு செத்துடும். நம்ம நாள்கணக்குல வச்சுப் பாத்தா ஐப்பசி மழை ஓஞ்சு கார்த்திகைல விதைச்சா மாசி பங்குனில பூவு. சேர்வராயன் மலைக்கு தென்மேற்கு மழையும் உண்டு வடகிழக்கு மழையும் உண்டு, ரெண்டுக்கும் தப்பிச்சு கிடைக்கற காஞ்ச குளிர் மாசம் இது மட்டும் தான், அதை வுட்டுட்டா அந்த வருசம் அவ்ளோ தான். கோடை விழாவுக்கு மே மாசம் பூக்க வைக்கலாமான்னு கேக்கறவங்க இருக்காங்க, அண்ணா பூங்காவுல பூ கண்காட்சி நடக்கறப்ப வீட்டு வாசல்லயும் பூ இருக்கணும்னு ஆசை, புரியுது. அதுக்கு ப்ளூபானெட் சரி வராது. சித்திரை வந்தா கோடை மழையும் மூட்டமும் சேந்து இலைல சாம்பல் நோய் புடிக்கும், செடியும் அதுக்குள்ள கிழடாயிருக்கும்.

விதை வாங்கறது பத்தி ஒரு விசயம். அமெரிக்காவுல இருக்கற மச்சான் வர்றப்ப சூட்கேஸ்ல ஒரு பாக்கெட் போட்டுட்டு வரச் சொல்றது நம்ம ஊர்ல சாதாரணமா நடக்குது, செய்யாதீங்க. 2003ல வந்த பிளான்ட் குவாரன்டைன் ஆர்டர்படி வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி பெர்மிட்டும், அந்த நாட்டுல இருந்து நோய் இல்லைன்னு ஒரு சர்டிபிகேட்டும் வேணும். காப்பி, மிளகு, ஆரஞ்சுன்னு மொத்த மலையும் தோட்டத்த நம்பி இருக்கு, ஒரு பாக்கெட் விதையோட ஒரு புது நோய் மலை ஏறுனா யாரு பொறுப்பு? நம்ம நாட்டுக்குள்ளயே பூ விதை விக்கற கடைங்ககிட்ட லூபின் இருக்கும், என்ன வகைன்னு முழுப் பேர் கேட்டு வாங்குங்க. பாக்கெட்ல வெறும் லூபின் மிக்ஸ்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் தோட்டக் கலப்பு வகை, காட்டு வகை இல்ல. ப்ளூபானெட் கிடைக்கலன்னா லூபினஸ் ஹார்ட்வெகியை கேளுங்க, அது மெக்சிகோ பக்கத்துச் செடி, வட இந்தியாவுல குளிர்காலப் பூவா ரொம்ப நாளா போட்டு வர்றாங்க, விதைக்கற முறை ஏறக்குறைய இதே தான்.

அடுத்து இடம். நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது விழணும், எட்டு மணி நேரம் விழுந்தா இன்னும் நல்லது. சில்வர் ஓக் நிழல்ல, காப்பிச் செடிக்கு நடுவுல இருக்கற இடம் வேணாம், அங்க தண்டு நீண்டு சாஞ்சு போயிடும். கிழக்கயோ தெற்கயோ பாத்த சரிவு தான் முதல் தரம், தண்ணி தானா வடிஞ்சிடும். சமதரையா இருந்தா ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டிடுங்க.

மண்ணுல தான் நிறைய பேர் குழம்பறாங்க, ஏன்னா லூபின்னாலே அமில மண்ணு வேணும்னு எல்லா எடத்துலயும் எழுதிருக்கும். பெரென்னிஸுக்கும் ரஸ்ஸலுக்கும் அது சரி, சுண்ணாம்பு பட்டா அதுங்க இலை வெளுத்துடும். ப்ளூபானெட் அதுக்கு நேர் எதிர், சுண்ணாம்புக்கல் மலைல வளர்ற செடி. நம்ம சேர்வராயன் மலையோ பாக்சைட் இருக்கற மலை, மழை அடிச்சு அடிச்சு சுண்ணாம்புச் சத்து எல்லாம் கீழ போன செம்மண்ணு, அமிலம் தான். அதனால தான் காப்பித் தோட்டத்துல வருசம் விட்டு வருசம் டோலமைட்னு சுண்ணாம்புச் சத்து இருக்கற கல்லுப்பொடி போடறாங்க. அதே டோலமைட்டையோ விவசாயச் சுண்ணாம்பையோ ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு கைப்பிடி போட்டுக் கொத்தி விட்டுருங்க, விதைக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே. வெள்ளை அடிக்கற சுண்ணாம்பு வேணாம், அது வேரச் சுட்டுடும். முடிஞ்சா மண்ணை சோதிச்சுப் பாத்துட்டு போடறது தான் முறை, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துல விசாரிங்க, பிஎச், அதாவது மண்ணோட அமில அளவு, ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவுல வந்தா போதும். மூணு பங்கு மண்ணுக்கு ரெண்டு பங்கு மணல், கொஞ்சம் பொடி ஜல்லி. எம்-சாண்ட் போடறதா இருந்தா சலிச்சு அந்த மாவுத் தூசிய எடுத்துடுங்க, அது மண்ணோட சேந்தா சிமெண்டு மாதிரி இறுகிடும். எரு வேணவே வேணாம். ரொம்ப மனசு கேக்கலன்னா ஒரு பிடி எலும்புத்தூள், அதோட நிறுத்திக்கோங்க. தழைச்சத்து போட்டா இலையா வரும், பூ வராது.

இப்ப விதை. கூழாங்கல் நொறுக்குன மாதிரி சாம்பல், பழுப்பு, புள்ளி போட்டதுன்னு இருக்கும், தோல் அவ்ளோ கெட்டி. காட்டுல இது ஒரு உத்தி, எல்லா விதையும் ஒரே வருசம் முளைச்சு அந்த வருசம் மழை பொய்ச்சா வம்சமே போயிடும்ல, அதனால கொஞ்சம் இந்த வருசம், மிச்சம் அடுத்தடுத்த வருசம்னு முளைக்கும். நமக்கு அந்தப் பொறுமை இல்லாததால தோலைக் கீறணும். கொஞ்சம் விதைன்னா நகவெட்டி எடுத்து, விதைல கண்ணு மாதிரி ஒரு தழும்பு இருக்கும் பாருங்க, அதுக்கு எதிர்ப்பக்கம் லேசா ஒரு கிள்ளு, உள்ள வெளிர் நிறம் தெரிஞ்சா போதும், ஆழமா போகக்கூடாது. நிறைய விதைன்னா ஒரு ஜாம் பாட்டிலுக்குள்ள உப்புத்தாளை சுருட்டி சொரசொரப்பு உள்பக்கம் வர்ற மாதிரி வச்சு, விதையப் போட்டு மூடி நல்லா குலுக்குங்க, பளபளப்பு போயி மங்கலா ஆனா சரி. அப்பறம் ராத்திரி முழுக்க சாதாரணத் தண்ணில ஊற வைங்க. காலையில பாத்தா சிலது ஊதி ரெட்டிப்பா இருக்கும், அதெல்லாம் அன்னைக்கே விதைச்சிடணும், ஒரு நாள் வச்சாலும் வீணாப் போகும். ஊதாததை எடுத்துத் திரும்பக் கீறி திரும்ப ஊற வைங்க. கொதிக்கற தண்ணிய ஊத்தற பழக்கமும் இருக்கு, ஆனா கொஞ்சம் சூடு கூடுனா விதை வெந்துடும், கீறறது தான் நம்பிக்கையான வழி.

நாத்து விட்டு நடறது இதுக்கு ஆகாது, நேரா பாத்திலயே விதைங்க. ஆணிவேர் முளைச்ச உடனே கடகடன்னு கீழ போகும், பிடுங்கி நட்டா அந்த வேர் ஒடிஞ்சு செடி அப்படியே நின்னுடும். ஒரு சென்டிமீட்டர் ஆழம், ஒரு ஜாணுக்கு ஒரு குழி, குழிக்கு ரெண்டு விதை. தெரிஞ்சவங்களுக்கு குடுக்கணும்னா பேப்பர் டீ கப்புல விதைச்சு, நாலு இலைக்கு முன்னாடியே கப்போட கிழிச்சு வச்சுடணும். பத்து நாள், ரெண்டு வாரத்துல முளைப்பு தெரியும். அதுவரைக்கும் மண்ணு லேசா ஈரமா இருக்கணும், பூவாளியில மெதுவா தெளிங்க. கார்த்திகைல திடீர்னு புயல் சின்னம், மூணு நாள் விடாத மழைன்னா ஒரு பாலித்தீன் ஷீட்டை குச்சி நட்டு சரிவா கட்டிருங்க, இந்த நேரத்துல நாற்றழுகல் வந்தா ஒரே ராத்திரில வரிசையா சாஞ்சு கிடக்கும். விதைக்கறப்பவே ட்ரைகோடெர்மா விரிடின்னு நோய்ப் பூஞ்சையத் தடுக்கற நல்ல பூஞ்சைத் தூள் கொஞ்சம் மண்ணுல கலந்திருந்தா ஓரளவு தப்பிக்கலாம். முளைச்சு வர்றப்ப பெரிய எதிரி நத்தை, ஓடு இல்லாத நத்தையும் தான். ஏற்காட்டு ஈரத்துக்கு அதுங்க எங்கிருந்து வருதுன்னே தெரியாது. டார்ச் எடுத்துட்டு ராத்திரி எட்டு ஒம்பது மணிக்கு போயி பொறுக்கறது தான் எனக்கு தெரிஞ்சு நல்ல வழி. முட்டைக்கோஸ் இலைய பாத்தி ஓரத்துல கவுத்துப் போட்டா காலையில அடியில கூடிருக்கும், அப்படியும் எடுக்கலாம். தண்டை அடியோட வெட்டிப் போட்டிருந்தா அது வெட்டுப்புழு, பக்கத்து மண்ணைக் கிளறுனாலே சுருண்டு கிடக்கும்.

அதுக்கப்பறம் வர்ற ஒன்றரை மாசம் தான் பொறுமைய சோதிக்கும். செடி தரையோட ஒட்டி சின்னதா அப்படியே உக்காந்திருக்கும், வளரவே இல்லன்னு தோணும். கீழ வேர் போயிட்டு இருக்கு, மேல பாத்து ஏமாறாதீங்க. இந்த நேரத்துல தான் பயந்துபோயி உரம் வைக்கறது, தண்ணி கூட்டறது எல்லாம் நடக்குது. விரல மண்ணுல ரெண்டு அங்குலம் விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி, மார்கழி பனிக்கு வாரத்துக்கு ஒரு தடவையே நிறைய நாள் போதும். அடி இலை மஞ்சளா, செவப்பா மாறுதுன்னா தண்ணி அதிகம்னு அர்த்தம். தை பொறந்ததும் தண்டு எழும்பும், அப்ப பாருங்க எவ்ளோ வேகம்னு.

வேர்முடிச்சு பத்தியும் சொல்லணும். இது சணப்பு, கிலுகிலுப்பை, அவரை எல்லாம் இருக்கற பயறு குடும்பம், காத்துல இருக்கற தழைச்சத்த வேர்ல இருக்கற பாக்டீரியா புடிச்சுக் குடுக்கும். ஆனா ஒவ்வொரு கூட்டத்துக்கும் பாக்டீரியா வேற. கடலைக்கும் உளுந்துக்கும் விக்கற ரைசோபியம்ங்கற பாக்டீரியா பாக்கெட்டை வாங்கிப் போட்டா இதுக்கும் வேலை செய்யும்னு நம்பி இருக்க முடியாது, லூபினுக்குன்னு தனி வகை உண்டு. நம்ம மண்ணுல அது முதல்ல இருக்காது, அதனால முதல் வருசம் செடி கொஞ்சம் மெலிவா இருந்தா பயப்பட வேணாம். சீசன் முடிஞ்சு ஒரு செடிய மெதுவா தோண்டிப் பாருங்க, வேர்ல முண்டு முண்டா இருந்தா ஒன்ன நகத்தால கீறுங்க, உள்ள ரோஸ் கலர் தெரிஞ்சா வேலை நடக்குது. அப்படி இருந்தா அந்த மண்ணுல ரெண்டு கை எடுத்து அடுத்த வருசப் பாத்தில தூவிக்கலாம்.

பூ வந்ததுக்கு அப்பறம் தயவுசெஞ்சு ஒரு ஸ்டூலைப் போட்டு அது பக்கத்துல உக்காருங்க. ஒவ்வொரு பூவுலயும் மேல நிமிந்து நிக்கற இதழ்ல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். பூ விரிஞ்சு அஞ்சாறு நாள் ஆனா அந்தப் புள்ளி கருஞ்சிவப்பா மாறிடும். தேனீ வெள்ளைப் புள்ளி பூவுக்கு தான் போகும், சிவந்ததுல மகரந்தம் பழசாயிடும்னு அதுக்கு தெரியும், அதனால ஒரே கொத்துல கீழ இருக்கற சிவந்த பூவெல்லாம் விட்டுட்டு மேல மேல ஏறிப் போறத நீங்களே பாக்கலாம். இதுல தேனும் கிடையாது, மகரந்தம் மட்டும் தான். தேனீ வந்து கீழ் இதழ்ல உக்காந்து அமுக்குனா முனையில இருந்து மகரந்தம் பசை மாதிரி பிதுங்கி வந்து அதோட வயித்துல ஒட்டும். பொந்துத் தேனீ, பெரிய கருப்பு தச்சு வண்டு ரெண்டும் வந்தா பூவெல்லாம் காயாகும். காப்பிப் பூவும் மழையப் பொறுத்து இதே மாசங்கள்ல தான், அது பூக்கற அன்னைக்கு மட்டும் தேனீ எல்லாம் அந்தப் பக்கம் போயிடும், அதுக்காக வருத்தப்படக் கூடாது. இந்த நேரத்துல அசுவினி வந்தா தண்ணிய வேகமா பீச்சி அடிங்க, ரொம்ப இருந்தா வேப்பெண்ணெய் சோப்புக் கரைசல சாயந்தரமா தெளிங்க, பூவுல படாம, தேனீ கூட்டுக்குப் போனதுக்கு அப்பறமா.

கீழ சேலம் டவுன்ல இருக்கறவங்களுக்கு: கஷ்டம் தான், ஆனா ஆசை இருந்தா தொட்டில முயற்சி பண்ணலாம். ஒரு அடிக்கு மேல ஆழம் இருக்கற தொட்டி, அகலம் முக்கியமில்ல, அடியில ஓட்டை நிறைய. கார்த்திகை பொறந்ததும் விதைச்சிடணும், மாசி கடைசிக்கெல்லாம் வெயில் அடிக்க ஆரம்பிச்சா பூ சீக்கிரம் முடிஞ்சிடும். மொட்டை மாடி சிமெண்டு தரை சூடு வேர வேக வைக்கும், தொட்டிக்கு அடியில ரெண்டு செங்கல் வச்சு, மதியானத்துக்கு மேல நிழல் விழற பக்கமா நகத்திக்கோங்க.

சின்னக் குழந்தைங்க, ஆடு மாடு இருக்கற வீட்டுக்காரங்க இதைக் கண்டிப்பா படிங்க. லூபின் செடி முழுக்க ஆல்கலாய்டுன்னு கசப்பான விசம் இருக்கு, விதைல ரொம்ப அதிகம். காய் பாக்கறதுக்கு அவரைப்பிஞ்சு மாதிரி இருக்கறதால குழந்தைங்க வாயில வைக்க வாய்ப்பு இருக்கு. இத்தாலி பக்கம் லூபின் பயறு சாப்பிடறாங்கன்னு படிச்சுட்டு இதை ஊற வச்சு சுண்டல் பண்ணிடாதீங்க, அது வேற வகை, அதையும் நாள்கணக்கா தண்ணி மாத்தி மாத்தி கசப்பெடுத்து தான் சாப்பிடறாங்க. அமெரிக்க மேய்ச்சல் நிலத்துல சில காட்டு லூபின்களைத் தின்ன சினை மாடுங்களுக்கு கால் வளைஞ்ச கன்னு பொறக்கறது தெரிஞ்ச விசயம். அதனால பாத்திக்கு வேலி போடுங்க, பிடுங்குன செடிய மாட்டுக்குப் போடாதீங்க.

இன்னொன்னு, இதை நான் ரொம்ப அழுத்தியே சொல்லுவேன். இந்த விதைய வீட்டு வேலிய தாண்டி எங்கயும் தூவக்கூடாது. சேர்வராயன் கோயில் மேட்டுப் புல்வெளில நீலமா பூத்தா எவ்ளோ அழகா இருக்கும்னு தோணும், தோணுறதோட விட்டுடணும். ஐஸ்லாந்துல மண் அரிப்பத் தடுக்கன்னு 1945ல அலாஸ்கால இருந்து ஒரு லூபினைக் கொண்டு போனாங்க, இன்னைக்கு அங்க உள்ளூர் செடிங்கள அமுக்கிட்டு பரவுது. நியூசிலாந்து ஆத்துப் படுகைல ரஸ்ஸல் லூபினும் அப்படித்தான். அவ்ளோ தூரம் போகவேணாம், நீலகிரில வெள்ளைக்காரங்க அழகுக்குன்னு வச்ச மஞ்சப்பூ ஸ்காட்ச் ப்ரூமும் கோர்ஸ் முள்ளும் லூபினுக்கு நெருங்குன சொந்தம் தான், அங்க சோலைப் புல்வெளிய அதுங்க என்ன பண்ணிருக்குன்னு போயி பாருங்க. நம்ம மலைல உண்ணிச்செடி ஒன்னே போதும் போதும்ங்குது.

அதனால காய் முத்தறப்ப தினம் பாக்கணும். பச்சை மாறி வெளிர் பழுப்பு ஆனதும், ஆட்டுனா உள்ள விதை கலகலன்னு கேட்டதும் பறிச்சிடுங்க, ஒரு நல்ல வெயில் அடிச்சா தோடு முறுக்கிக்கிட்டு வெடிச்சு விதை தூரமா தெறிக்கும். பறிச்ச காயை முறத்துல பரப்பி மேல ஒரு பழைய வேட்டியப் போட்டு மூடி வெயில்ல வச்சா டப் டப்னு வெடிக்கற சத்தம் கேட்டுட்டே இருக்கும், சாயந்தரம் புடைச்சு எடுத்துக்கலாம். விதை வேணாம்னா பூ வாட வாட கொத்தைக் கிள்ளி விட்டுருங்க, பக்கக் கிளைல இன்னும் கொஞ்ச நாள் பூக்கும். காஞ்ச விதைய பேப்பர் கவர்ல போட்டு, காத்துப் போகாத டப்பால கொஞ்சம் வறுத்து ஆற வச்ச அரிசியோட வைங்க, ஆடி மாச ஈரத்துல இங்க எல்லாமே பூசணம் புடிக்கும்ல அதுக்குத்தான், கவர் மேல வருசமும் விசம்னு ஒரு வார்த்தையும் எழுதிருங்க. செடி காஞ்சதும் பிடுங்காம தரை மட்டத்துல வெட்டிட்டு வேரை மண்ணுக்குள்ளயே விட்டா அதுல இருக்கற தழைச்சத்து மண்ணுக்கு சேரும். அந்தப் பாத்தில மழைக்கு பீன்ஸ் போடாதீங்க, ஒரே குடும்பம், நோய் தங்கும், முள்ளங்கியோ கீரையோ போடுங்க, அதுக்கு நடுவுல தப்பி முளைக்கற லூபின் கன்னு இருந்தா சின்னதா இருக்கறப்பவே எடுத்துடுங்க.